புத்தக பீரோவின் பூட்டைத் திறந்தவர்: நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு தமிழ் ஐயா என்னிடம் சொன்னார். காந்தியடிகள், நேரு மாமா, பாரதியார், காமராசர், அப்துல் கலாம் என்று எல்லாரையும் ஏற்கெனவே நம்ம இதழில் எழுதியாச்சு. யாரைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் நூலக டீச்சரைப் பார்க்கப் போனேன். போனேனே தவிர, கேட்க முடியவில்லை. என் வகுப்பில் உள்ளவர்களுக்குத் தெரியும், எனக்குப் பேச்சு திக்கும். அதிலும் பு என்ற எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நாக்கு நகரவே நகராது. புத்தகம் என்ற சொல்லே அந்த எழுத்தில்தானே தொடங்குகிறது!

நம்ம நூலகத்தில் பீரோக்கள் பூட்டித்தான் இருக்கும். வேண்டிய புத்தகத்தின் பேரைச் சொன்னால் டீச்சர் சாவி போட்டுத் திறந்து எடுத்துத் தருவாங்க. பேரைச் சொல்லணுமே என்ற பயத்திலேயே இரண்டு வருஷமாக நான் மேசை மேல் கிடக்கிறதை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினாங்க. இதுவரை யாரும் எழுதாத ஒருவர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாங்க. அது எஸ்.ஆர்.ரங்கநாதன் என்பவரின் வரலாறு.

எனக்கு அந்தப் பேரே தெரியாது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தைப் படித்து அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் பேச்சு திக்குமாம்! அதற்கப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை. நீங்களும் வாங்க, அவரைத் தெரிந்துகொள்வோம்.

பிறப்பும் படிப்பும்

ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த சீர்காழியில் பிறந்தார். தந்தை பெயர் இராமாமிர்தம். ரங்கநாதனுக்கு ஆறு வயது இருக்கும்போதே தந்தை காலமாகிவிட்டார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்குதான் அவருக்கு உயிர். அங்கே எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருக்குக் கணக்கு நடத்தினார். குருவும் சீடனும் கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

கணக்கில் எம்.ஏ. பட்டம் வாங்கினார். ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். திக்குவாய் உள்ளவர் வாத்தியார் வேலைக்குப் போகலாமா என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்? அவர் போனார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று பாடம் நடத்தினார். நடத்தி நடத்தியே திக்குவதையும் கொஞ்சம் கொஞ்சமாக வென்றார். இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆனார்

சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு முழுநேர நூலகர் வேண்டும் என்று முடிவு செய்தது. இந்தியாவில் அப்போது நூலகம் பற்றி முறையாகப் படித்தவர்கள் மிகவும் குறைவு. சம்பளம் நல்ல சம்பளம் என்பதால் நண்பர்கள் வற்புறுத்தி ரங்கநாதனை விண்ணப்பிக்க வைத்தார்கள். அவருக்கோ நூலக வேலை பற்றி ஒன்றுமே தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எடுத்து நூலகம் என்ற தலைப்பில் இருந்த கட்டுரையைப் படித்தார். அவ்வளவுதான். அதை வைத்துத்தான் தேர்வுக்கே போனார்!

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. தெரியாத விஷயம் என்று பயப்படாமல், எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று யோசித்து, அதைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறார். இந்தியாவின் மிகப் பெரிய நூலகரின் கதை ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியதில்தான் தொடங்குகிறது.

1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். சேர்ந்தவருக்கு ஒரு வாரம் கூட இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவர் அல்லவா? இங்கே ஆளே வராத பெரிய அறை, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத நாற்காலி. என்னை மறுபடியும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய்க் கேட்டுவிட்டார். அவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். லண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் படித்து வரட்டும், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு ஆசிரியர் வேலைக்கே திரும்பலாம் என்றார்கள். சரி என்று கப்பல் ஏறினார்.

லண்டனில் கண்டது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். இங்கிலாந்தில் பல நூலகங்களுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே தொழிலாளி, குடும்பப் பெண், பள்ளிப் பிள்ளை என்று எல்லாரும் நூலகத்துக்கு வந்து போனார்கள். நூலகம் என்பது புத்தகக் கிடங்கு இல்லை, ஊரையே படிக்க வைக்கிற இடம் என்பது அவருக்குப் புரிந்தது. நம்ம நாட்டுக்கு இது எவ்வளவு தேவை என்று நினைத்தார். அதோடு கணக்கு வேலைக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டார். 1925-ல் சென்னைக்குத் திரும்பியவர், அடுத்த இருபது வருஷம் அந்த நூலகமே கதி என்று விடுமுறை கூட எடுக்காமல் உழைத்தார்.

முதல் வேலையாக அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். அதற்கு முன் நூலகம் என்றால், சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புத்தகத்தின் முகத்தையே பார்க்காமல் பேரை மட்டும் வைத்துக் கேட்கணும். இவர் வந்த பிறகு வாசகர் உள்ளே போய், கையால் தொட்டு, புரட்டிப் பார்த்து எடுக்கலாம் என்றானது. தேடத் தெரியாமல் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் போய் உதவி செய்வதையும் நூலகரின் வேலை ஆக்கினார்.

டீச்சர் இன்னொரு விஷயமும் சொன்னாங்க. பல நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம். கையால் எழுதிய புத்தகம், விலை அதிகம், காணாமல் போனால் திரும்பக் கிடைக்காது. இங்கிலாந்தில் ஹியர்போர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். அச்சு வந்து புத்தகம் மலிந்த பிறகும் சங்கிலி போன இடத்தில் பூட்டு வந்துவிட்டது. அந்தப் பூட்டைத்தான் ரங்கநாதன் எதிர்த்தார்.

ஐந்து விதிகள்

கணக்குப் படித்தவர் அல்லவா, எதற்கும் அடிப்படை விதி இருக்கணுமே என்று யோசித்தார். நூலகம் செய்கிற ஆயிரம் வேலைகளையும் சில விதிகளுக்குள் அடக்க முடியுமா என்று 1928-ல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பழைய கணக்குப் பேராசிரியர் ராஸ்தான் முதல் விதியை எடுத்துக் கொடுத்தாராம். அது கிடைத்ததும் மற்ற நான்கும் வரிசையாக வந்துவிட்டன. அவற்றை என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன்.

முதல் விதி: புத்தகத்தைப் பூட்டிப் பாதுகாப்பது முக்கியமில்லை, அது பயன்படணும்.
இரண்டாவது: யாராக இருந்தாலும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்கணும்.
மூன்றாவது: அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிக்கிற ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கணும்.
நான்காவது: தேடி வந்தவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது.
ஐந்தாவது: நூலகம் உயிருள்ளது போல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் கொடுக்கணும்.

இந்த விதிகளை அவர் முதன்முதலில் யார் முன்னால் சொன்னார் தெரியுமா? ஆசிரியர்கள் முன்னால்தான்! 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் இவற்றை எடுத்துச் சொன்னார். அவர் பிறந்த சீர்காழிக்குப் பக்கத்து ஊர் அது. 1931-ல் இவை புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் நூலகப் படிப்பில் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது விதி. நாம்தான் புத்தகத்தைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அலமாரியில் ஒரு புத்தகமும் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்கிறார் அவர். அன்றைக்கு டீச்சர் எடுத்துக் கொடுத்த அந்த மெல்லிய புத்தகம் எத்தனை வருஷமாக எனக்காகக் காத்திருந்ததோ!

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

லண்டனில் இருந்தபோது ஒருநாள் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடு, சக்கரம், திருகாணி எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும். கடைக்காரர் அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மைகள் செய்து காட்டினார். நாமாக இருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்போம். ரங்கநாதனுக்கோ, புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்து எண் கொடுத்தால் என்ன என்று தோன்றியது!

அதற்கு முன் அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட முறைதான் பல இடங்களில் இருந்தது. அதில் அறிவை எல்லாம் பத்துப் பெரிய பிரிவாகப் பிரித்திருப்பார்கள். 500 என்றால் அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ரங்கநாதன் 1933-ல் கோலன் பகுப்பு முறை என்ற புது முறையை வெளியிட்டார். கோலன் என்றால் நாம் எழுதும் முக்காற்புள்ளி. எண்ணின் துண்டுகளை அந்தப் புள்ளி வைத்து இணைத்ததால் அந்தப் பேர் வந்தது. பின்னாளில், எந்தப் பொருளையும் ஐந்து முகமாகப் பிரிக்கலாம் என்றும் காட்டினார். முக்கியமாக எதைப் பற்றியது? அது எதனால் ஆனது? அதில் என்ன செயல் நடக்கிறது? எங்கே? எப்போது?

இது நூலகருக்குத்தானே, நமக்கு எதற்கு என்று நினைக்காதீங்க. போன வருஷம் சமூக அறிவியலுக்கு நீர்நிலைகள் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தார்கள். நான் ஸ்டேஷனரி கடையில் பத்து ரூபாய்க்குப் படச் சார்ட் வாங்கி ஒட்டிவிட்டேன். மதிப்பெண் வந்தது, ஆனால் இப்போது கேட்டால் ஒரு வரி கூட நினைவில் இல்லை. இந்த வருஷம் அதே தலைப்பை எடுத்து ஐந்து கேள்வியாகப் பிரித்துப் பார்த்தேன். எது? நம்ம ஊர் ஏரி. எதனால் ஆனது? மண்கரை, மதகு, கலங்கல். என்ன நடக்கிறது? பாசனம், தூர் சேருவது, ஆக்கிரமிப்பு. எங்கே? நம்ம ஊர் கிழக்கே. எப்போது? தாத்தா காலத்திலும் இப்போதும். கேள்வி பிரிந்ததும் எந்தப் புத்தகத்தில் தேடுவது, யாரிடம் விசாரிப்பது என்று தானாகத் தெரிந்துவிட்டது. கலங்கல் என்ற சொல்லுக்கு அகராதி. ஏரி பற்றிப் பொதுவாகத் தெரிந்துகொள்ளக் கலைக்களஞ்சியம். பழைய நிலவரத்துக்கு எங்க தாத்தா. கைப்பேசியில் தட்டினாலும் இதேதான். மொட்டையாக ஏரி என்று போட்டால் ஆயிரம் ஏரி வரும். கேள்வியைப் பிரித்துக் கேட்டால்தான் நமக்கு வேண்டியது வரும்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூலகத்துக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களிடம் நூலகம் போகணும். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி நடமாடும் நூலகம் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன்தான். சுற்றியுள்ள கிராமங்களுக்கு அந்த வண்டி போகும். வண்டிச் சத்தம் கேட்டால் ஐஸ் வண்டிக்கு ஓடுகிற மாதிரி பிள்ளைகள் ஓடியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

நல்லவர்கள் செய்யும் தர்மமாக மட்டும் நூலகம் இருந்தால் போதாது, சட்டமாக வேண்டும் என்று அவர் நினைத்தார். 1930-லேயே காசியில் நடந்த மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது பலிக்கப் பதினெட்டு வருஷம் ஆனது. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. நம்ம வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். ஊர் நூலகத்துக்கு நம்ம வீட்டிலிருந்தும் பணம் போகிறது! அப்புறம் அங்கே போகாமல் இருக்கலாமா?

பள்ளி நூலகம் பற்றி அவர் நினைத்தது

பெரியவர்களுக்கான நூலகத்தோடு அவர் நிற்கவில்லை. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்காகவே 1942-ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். படிக்கும் பழக்கம் சின்ன வயதில் வரவில்லை என்றால் பிறகு வருவது கஷ்டம் என்பது அவர் கருத்து. ஆசிரியர் சொல்வதை அப்படியே மனப்பாடம் செய்வதை விட, பிள்ளை தானே தேடித் தெரிந்துகொள்ளப் பழகணும். அதற்குப் பள்ளிக்கூடத்தின் நடுவில் நூலகம் இருக்கணும். வகுப்பு ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து வேலை செய்யணும். புத்தகத்தில் பொருளடக்கம் எதற்கு, கடைசிப் பக்கத்தில் அகரவரிசைப் பட்டியல் எதற்கு, அகராதியை எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும்.

இதை எல்லாம் படித்த பிறகு டீச்சரிடம் காட்டினேன். நம்ம நூலகத்திலேயே பெரியசாமித் தூரன் தொகுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எடுத்துப் பார்த்தால் சில தொகுதிகளில் பக்கம் கூடப் பிரியவில்லை. புதுசு மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்கு வருத்தமாக இருந்தது. பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருக்காக?

கடைசி நாட்கள்

சென்னையை விட்ட பிறகு ரங்கநாதன் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1962-ல் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை உருவாக்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். எளிமையாக வாழ்ந்து சேமித்த பணத்தில் 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பேரில் நூலகத் துறைக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட வழி செய்தார். 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். ஒவ்வொரு ஆகஸ்ட் 12-ஆம் தேதியையும் அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நம்ம பள்ளியில்...

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்லணும். பீரோவை ஏன் பூட்டி வைக்கிறீங்க என்று டீச்சரிடம் தாளில் எழுதிக் கேட்டேன். கோபப்படவில்லை. இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாங்க. முன்பு ஒரு வருஷம் திறந்து வைத்தபோது புத்தகங்கள் காணாமல் போய், தணிக்கையில் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்ததாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூட்டைப் போட்டது டீச்சர் இல்லை. எடுத்த புத்தகத்தைத் திருப்பி வைக்காத நாம்தான்.

டீச்சர் அந்த மெல்லிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மறுபடியும் படித்திருக்காங்க. மறுநாள் தலைமை ஆசிரியரிடம் பேசினாங்க. முடிவு என்ன தெரியுமா? வரும் திங்கட்கிழமை முதல் ஒரு மாதத்துக்கு, மதிய உணவு இடைவேளையில் இரண்டு பீரோக்கள் திறந்திருக்கும். கதை, அறிவியல், கலைக்களஞ்சியம் எல்லாம் சேர்த்து 240 புத்தகங்கள். நாமே உள்ளே போய்ப் பார்த்து எடுக்கலாம். நோட்டில் பேரும் தேதியும் எழுதணும். மாதக் கடைசியில் எண்ணுவோம். 240-ம் இருந்தால் மற்ற பீரோக்களும் திறக்கும். இல்லையென்றால் மறுபடியும் பூட்டுதான். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்றிருப்பது டீச்சர். நம்மை நம்பிப் போட்டிருக்காங்க.

நோட்டுக்குப் பக்கத்தில் நான்தான் நிற்பேன். என்னிடம் எதுவும் கேட்கலாம். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுத்துக்கோங்க. கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், நேராக உள்ளே போங்க. அலமாரி திறந்திருப்பதே அதற்குத்தான்.

தேடிப் பாருங்கள்!

1. கன்னிமாரா நூலகம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?
2. நம்ம நூலகக் கலைக்களஞ்சியத்தில் ஏரி என்ற சொல் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?
3. இதுவரை யாருமே எடுக்காத ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்து, அது யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

விடைகளை நூலக வாசலில் உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்கள். விடையோடு, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுதணும். சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.



இப்படிக்கு,
நூலக உதவி மாணவன்,
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.